தேடுகிறாள் என்பதற்கு ஆங்கிலத்தில்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருந்த ஒரு சட்டைக் கம்பெனியில் நான் செக்கராக வேலை பார்த்தேன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பார்த்த அதே வேலைதான். லைனில் தைத்து வருகிற சட்டையை மேஜையில் விரித்துப் போட்டு, காலர், கை, பாக்கெட், பட்டன் என்று கண்ணை ஓட்ட வேண்டும். குறை இருக்கிற இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பூரில் நின்றுகொண்டே செய்ததை இங்கே ஏசிக்குள் நின்றுகொண்டு செய்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வீட்டுக்காரர் வேறொருத்தியோடு ஈரோட்டுப் பக்கம் போய்க் குடித்தனம் வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் இந்த வேலைக்கு ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் பேர் கொடுத்தேன். என் மகளுக்கு அப்போது பேச்சு நன்றாக வந்திருந்தது, ரகரம் மட்டும் வரவில்லை. அவளைத் தங்கையிடம் விட்டேன். தங்கைக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் குழந்தை இல்லை. "நீ போயிட்டு வாக்கா, பாப்பாவ நான் என்ற கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறேன்" என்றாள். சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். அதில் நான் ஒரு குறையும் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் கம்பெனிக்கு ஒரு பஸ் நிறையச் சீனப் பெண்கள் வந்து இறங்கினார்கள். தலைமுடியைக் காது வரைக்கும் வெட்டியிருந்தார்கள். எல்லோர் கையிலும் மூடி போட்ட ஒரு கண்ணாடிப் பாட்டில், அதில் வெந்நீர், அடியில் நாலு தேயிலை. அந்த வெயிலில் வெந்நீர் குடிக்கிறார்களே என்று நாங்கள் வாயைப் பிளந்து பார்த்தோம். மெஷினில் உட்கார்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது. காலர் வளைவை அவர்கள் திருப்பின வேகத்தைப் பார்த்து எங்கள் லைனே மிரண்டது.

ஹாஸ்டலில் எனக்கு மேலே இருந்த கட்டில் அவர்களில் ஒருத்திக்குக் கிடைத்தது. என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். அவள் பெயர் என் நாக்குக்கு வளையவில்லை, என் பெயர் அவளுக்கும் அப்படித்தான். அக்கா என்று கூப்பிடச் சொன்னேன். "ஆக்கா" என்று நீட்டிக் கூப்பிட்டாள். கடைசி வரைக்கும் அந்த நீட்டல் போகவில்லை.

அவளுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒரு வெறி. ஊருக்குத் திரும்பினால் இங்கிலீஷ் தெரிந்தவளுக்கு ஏற்றுமதிக் கம்பெனியில் மேஜை வேலை கிடைக்குமாம். தைத்துத் தைத்து அவளுக்கு முதுகு வளைந்திருந்தது. நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். என் இங்கிலீஷ், சட்டைக்குள்ளேயே சுற்றி வருகிற இங்கிலீஷ். ஆனாலும் அந்த ரூமில் அவளுக்கு வேறு வாத்தியார் கிடைக்கவில்லை. அவளிடம் உள்ளங்கை அளவில் ஒரு அகராதி இருந்தது, ஒரு பாதி சீனத்திலிருந்து இங்கிலீஷ், மறுபாதி இங்கிலீஷிலிருந்து சீனம். அதையும் என்னையும் வைத்துக்கொண்டு படித்தாள்.

அவள் என்னிடம் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை 'மிஸ்'. பட்டன் விட்டுப்போன சட்டையை அவள் மெஷினுக்கே எடுத்துப் போய், "பட்டன் மிஸ்ஸிங்" என்று விரலால் தொட்டுக் காட்டினேன். தையல் தாண்டியிருந்தால் "ஸ்டிச் மிஸ்" என்பேன். எல்லாம் சரியாக இருந்தால், "நோ மிஸ், குட்" என்று சொல்லி அடுத்த மேஜைக்குத் தள்ளுவேன். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டாள்.

ஆனால் லைனில் இருந்த இலங்கைப் பெண்கள் என்னை "மிஸ்" என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் ஊரில் மேலே இருக்கிற பெண்களைக் கூப்பிடுகிற மரியாதை அது. அங்கிருந்து ஒருத்தி "மிஸ்! மிஸ்!" என்று கத்தினால், இவள் பதறிப்போய்த் தன் கையில் இருக்கிற சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். ஒரு வாரம் இப்படியே போயிற்று. கடைசியில் ஹாஸ்டலில் என் கட்டில் ஓரம் வந்து உட்கார்ந்து, என் நெஞ்சில் விரலை வைத்து, "ஆக்கா மிஸ்? வாட் மிஸ்ஸிங்?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டு, கல்யாணமாகாத பெண்ணுக்கும் டீச்சருக்கும் அப்படிச் சொல்வார்கள் என்று சைகையும் வார்த்தையுமாக விளக்கினேன். அவள் அகராதியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் கழுத்தைப் பார்த்தாள். "ஆக்கா, நோ ஹஸ்பண்ட்?"

"ஹஸ்பண்ட் மிஸ்ஸிங்" என்றேன்.

அவளுக்குப் புரிந்ததும் இரண்டு பேரும் சிரித்தோம். என்னால் நிறுத்தவே முடியவில்லை. அந்த ஆள் போனதிலிருந்து, அதைப் பற்றி நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

வெள்ளிக்கிழமை லீவு நாள். சாயங்காலம் கம்பெனி பஸ் எங்களை ரோலா என்கிற கடைவீதிக்குக் கூட்டிப் போய், அங்கிருந்த சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். பாதி ஷார்ஜா அங்கேதான் நிற்கும். ஊர்க்காரர்களைப் பார்க்க, கடைக்குப் போக, சும்மா நிற்க. ஒரு வெள்ளிக்கிழமை அவள் தன் மகனுக்கு ஷூ வாங்க வேண்டும் என்றாள். அவனுக்கு அப்போது ஐந்து வயதிருக்கும். புருஷன் வேறு ஏதோ ஊரில் கட்டட வேலையில் இருந்தான். பையன் புருஷனுடைய அம்மாவிடம் வளர்ந்தான்.

கடையில் அவள் ஒவ்வொரு ஷூவாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சின்னதாகத் தெரிந்தது, வைத்துவிட்டாள். அடுத்ததைப் பார்த்தாள், பெரிதாகத் தெரிந்தது. கடைக்காரர் பொறுமையிழந்து, "பச்சாவுக்கு என்ன சைஸ்?" என்று என்னைக் கேட்டார். நான் அவளைக் கேட்டேன். அவள் கையை விரித்துக் காட்டினாள், பிறகு கொஞ்சம் அகலமாக விரித்தாள், பிறகு இரண்டு கையையும் கீழே போட்டுவிட்டாள். புறப்பட்டு வந்தபோது இருந்த கால் அவளுக்குத் தெரியும். இப்போது இருக்கிற கால் தெரியாது. கடைசியில் பெரியதாகவே ஒன்று வாங்கினாள்.

சதுக்கத்துக்கு ஓடிவந்தோம். பஸ் போய்விட்டிருந்தது.

"ஆக்கா! பஸ் மிஸ்ஸிங்!" என்றாள்.

"பஸ் மிஸ்ஸிங் இல்ல. பஸ் கரெக்டாத்தான் போச்சு. வீ மிஸ் பஸ்."

அவளுக்கு இது பிடிபடவில்லை. பட்டன் இல்லையென்றால் மிஸ்ஸானது பட்டன். பஸ் இல்லையென்றால் மிஸ்ஸானது நாமா? அது எப்படி? பாதி தூரம் நடந்தோம். வழியெல்லாம் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். இங்கிலீஷ்காரன் அப்படி வைத்திருக்கிறான் என்றேன். பிறகு கால் வலித்து ஒரு டாக்ஸி பிடித்தோம். அன்று வாட்ச்மேனிடம் திட்டு வாங்கினோம். ஆனாலும் எனக்கு அந்த ஊரில் கிடைத்த நல்ல சாயங்காலம் அதுதான்.

ஊருக்குப் போன் பேசுவதும் வெள்ளிக்கிழமைதான். ஹாஸ்டல் தெருமுனையில் கார்டு போடுகிற போன் கூண்டு ஒன்று இருந்தது. திருப்பூரில் எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போன் போடுவேன். தங்கை என் மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து காத்திருப்பாள். சீனத் தோழி என்னோடு வந்து வரிசையில் நிற்பாள். அவளுக்குப் போன் பேசுவதென்றால் எப்போதோ ஒரு முறைதான். அவர்கள் கிராமத்தில் போன் எங்கேயோ தள்ளி இருந்தது, முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் ஆள் வரும். எனக்குத் துணையாகத்தான் வருவாள்.

ஒரு நாள் தங்கை சொன்னாள். "பொழுதெறங்குனாப் போதும், உன்னத் தேட ஆரம்பிச்சர்றாக்கா. உன்ற சீலையக் கட்டிப் புடிச்சுட்டுத்தான் தூங்கறா. பஸ் சத்தங் கேட்டா ஓடிப்போயி நிக்கறா. நேத்து ஒரே அழுகாச்சி."

பிறகு மகள் பேசினாள். "அம்மா, எப்ப வயுவே?"

கார்டில் யூனிட் தீர்ந்து லைன் போய்விட்டது. நான் கூண்டை விட்டு வெளியே வந்து, சுவரோரமாக உட்கார்ந்துவிட்டேன்.

தோழி என் முன்னால் குந்தினாள். "ஆக்கா. பேபி சிக்?"

"நோ. நோ சிக்." எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். தேடுவதற்கு எனக்குத் தெரிந்த ஒரே இங்கிலீஷ் வார்த்தையைச் சொன்னேன். "பேபி சர்ச்சிங் மீ."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "பேபி கோ அவுட்? பேபி லாஸ்ட்? போலீஸ்?"

"இல்ல இல்ல" என்று தமிழிலேயே சொன்னேன். குழந்தை வீட்டில்தான் இருக்கிறது, காணாமல் போகவில்லை. சாப்பிடுகிறது, விளையாடுகிறது, ஆனாலும் தேடுகிறது. எங்கள் பேச்சில் இதைச் சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் புரியும். இங்கிலீஷில் சொன்னால் போலீசைக் கூப்பிடுகிறார்கள். நான் நெஞ்சில் கைவைத்துக் காட்டினேன், கையை நீட்டிக் காட்டினேன், வாசலைப் பார்ப்பது போல் பார்த்துக் காட்டினேன்.

அவள் மெதுவாக, "ஷியாங்" என்றாள். அவள் மொழிச் சொல். உடனே அகராதியை எடுத்து அந்தச் சொல்லைத் தேடி என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நினைப்பது, விரும்புவது என்றெல்லாம் போட்டிருந்தது. கடைசியில் நின்றது, நாங்கள் பட்டனுக்குச் சொன்ன அதே வார்த்தை. மிஸ்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. சின்னப் புத்தகம், அச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்தேன். வரிசையில் நின்றிருந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கேட்டேன்.

"ஓம் மிஸ். ஐ மிஸ் யூ எண்டு சொல்லுறது. கடையில விக்கிற கார்டுகளிலையும் அப்பிடித்தானே போட்டிருக்கும்" என்றாள் அவள்.

அதுவரைக்கும் அந்தக் கார்டுகளைக் கடையில் பார்த்திருக்கிறேன். யாரோ எதையோ தவறவிட்டதற்கு மன்னிப்புக் கேட்கிற கார்டு என்று எண்ணியிருந்தேன்.

தோழிக்கு நான் என்ன விளக்கம் சொல்ல? எனக்குத் தெரிந்தது சட்டைதான். மேலே போட்டிருந்த கம்பெனிச் சட்டையின் பட்டன் ஒன்றைக் கழற்றினேன். காஜா ஓட்டையைக் காட்டினேன், அது அப்படியே இருக்கிறது. பட்டன் இருந்த பக்கத்தைத் தள்ளிப் பிடித்தேன். "திஸ் பேபி. திஸ் மதர்." அவள் பட்டனையும் ஓட்டையையும் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு தானே பட்டனை ஓட்டையில் மாட்டிவிட்டு, என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "மை சன் மிஸ் மீ. ஐ மிஸ் மை சன்" என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டு வாக்கியமும் சரியாக இருந்தன.

அன்றிலிருந்து வெள்ளிதோறும் நான் கூண்டை விட்டு வெளியே வந்ததும் கேட்பாள், "டுடே பேபி மிஸ் ஆக்கா?"

"யெஸ். வெரி மிஸ்" என்பேன்.

சொல்லும்போது அழுகை வரும். ஆனால் அந்த அழுகைக்குள் ஒரு பெருமையும் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் என்னைத் தேட ஒரு உயிர் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த வாரத்துச் சட்டைகளைப் பார்த்து முடித்தேன். அவள் தன் மகனிடம் எப்போதாவது பேசினால், அந்தப் பையன் வாயே திறக்க மாட்டான். மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் கேட்குமாம். "நோ டாக். பட் மிஸ்" என்று உறுதியாகச் சொல்வாள்.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்திருந்தது. தங்கையின் குரலே அன்றைக்கு உற்சாகமாக இருந்தது.

"அக்கா, உனக்கு ஒரு நல்ல சேதி. பாப்பா இப்பெல்லாம் உன்னத் தேடறதே இல்ல. நல்லாச் சாப்புடறா, படுத்தாத் தூங்கிக்கறா. பள்ளிக்கூடத்துல சேத்தி உட்டாச்சு. ஒரு நாளு கூட அழுகுலியே! நீ இனி இதையே நெனச்சு மனச ஒளப்பிக்காத. நிம்மதியா இரு."

நான் சரி என்றேன். அந்தப் பக்கம் மகளின் குரல் கேட்டது. "அம்மா, வா போலாம்."

"என்ன கண்ணு?" என்று கேட்டேன். "அம்மா இங்கதான் இருக்கறேன், சொல்லு."

தங்கை, "இரு, பேசிட்டு வந்தர்றேன்" என்று போனுக்கு வெளியே யாரிடமோ சொன்னாள். அப்போதுதான் அந்த 'அம்மா' எனக்கு இல்லை என்று புரிந்தது.

தங்கை என்னைக் காயப்படுத்தச் சொல்லவில்லை. ஏங்குகிற குழந்தையைத் தேற்றி, சாப்பிட வைத்து, தூங்க வைத்தது அவள்தான். நான் இருந்திருந்தாலும் அதைவிட வேறென்ன கேட்டிருப்பேன்? அவள் ஒரு நல்ல காரியத்தை முடித்துவிட்டு அதை என்னிடம் சொல்கிறாள். நான் போனை வைத்தேன்.

"டுடே பேபி மிஸ்?" தோழி கேட்டாள்.

"நோ" என்றேன். "நோ மிஸ்."

அவள் முகம் மலர்ந்தது. கட்டை விரலை உயர்த்தினாள். "நோ மிஸ். குட்!"

ஒரு குறையும் இல்லாத சட்டையைத் தள்ளிவிடும்போது நான் சொல்கிற அதே வார்த்தைகள். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவளைத் திருத்த எனக்குத் தெம்பில்லை. மொட்டை மாடிக்குப் போய், உலர்ந்த துணியையே திரும்பவும் நனைத்துத் துவைத்துக்கொண்டிருந்தேன்.

லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். சென்னையில் இறங்கி, பஸ் பிடித்து, விடிகிற நேரம் திருப்பூர் வந்து சேர்ந்தேன். தங்கை கதவைத் திறந்தாள். அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் மகள் நின்றாள். உயரமாகியிருந்தாள், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. என்னைப் போலவே நெற்றி.

"பாப்பா, யாரு வந்திருக்கறாங்கன்னு பாரு. அம்மா வந்திருக்கறாங்க" என்றாள் தங்கை.

மகள் தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா நீதானே?"

"இது அம்மா. நான் சித்தி."

குழந்தை யோசித்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, அவள் யோசித்தது சரியான கணக்கு. "நீ அவங்கள அக்கான்னு தானே கூப்புடறே? அப்ப எனக்குப் பெரியம்மா."

தங்கைக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. நான் பெட்டியைக் கீழே வைத்தேன்.

அந்த லீவு முழுக்க மகள் என்னிடம் நல்லபடியாக நடந்துகொண்டாள், ஒரு விருந்தாளியிடம் நடப்பதைப் போல. "பெரியம்மா, காப்பி குடிக்கறீங்களா?" "பெரியம்மா, அங்க ஒட்டகம் இருக்குதுங்களா?" முன்பு என்னை 'நீ' என்றவள். இப்போது ரகரம் சுத்தமாக வந்தது, கூடவே 'ங்க'வும் வந்திருந்தது. என் பக்கத்தில் படுக்க வைப்பார்கள், விடிந்து பார்த்தால் தங்கையின் வயிற்றில் காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் சோறு ஊட்டுகிறபோது தங்கைக்குப் பொறுக்கவில்லை. "அம்மான்னு கூப்புட்டாத்தான் சோறு" என்றாள். குழந்தை மாட்டேன் என்றது. தங்கை அதை அடித்துவிட்டாள். அடித்த கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழந்தை அழுதது, அழுதுகொண்டே அடித்தவளிடமே போய்க் காலைக் கட்டிக்கொண்டது.

"உடு" என்றேன் நான். "அவ எப்படிக் கூப்புடறாளோ அப்படியே கூப்புடட்டும்."

"நீ போகாதக்கா. இங்கயே இரு. நாலு மாசம் ஒண்ணா இருந்தாப் பழகிக்குவா. நான் வேணா கொஞ்ச நாளு எங்கயாச்சும் போயிர்றேன்."

"நீ எங்க போவே?"

அவள் முகத்தைப் பார்த்தேன். தன்னிடமிருந்து அந்தப் பிள்ளையைப் பிரித்து என்னிடம் கொடுக்க, அவள் நிஜமாகவே தயாராக இருந்தாள். கொடுத்துவிட்டு அவள் என்ன ஆவாள் என்பதும் அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. குழந்தை என்ன ஆகும் என்பதும். ஒரு முறை அம்மாவைத் தேடித் தேடி ஓய்ந்தவள் அவள். இன்னொரு முறை தேட வைக்க என்னால் முடியாது.

லீவு முடிந்து கிளம்பினேன். "டாட்டா, பெரியம்மா" என்று கையாட்டினாள்.

ஹாஸ்டலுக்கு வந்தபோது தோழி என் படுக்கையைத் தட்டி விரித்து வைத்திருந்தாள். கண்ணாடிப் பாட்டிலில் வெந்நீர் கொடுத்தாள். "பேபி பிக்? பேபி ஹேப்பி?"

"பேபி பிக்" என்றேன். பிறகு சொன்னேன், "பேபி கால் மீ ஆண்ட்டி."

"ஆண்ட்டி" என்று தலையாட்டினாள். அவளுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மெஸ்ஸில் சோறு போடுகிற பொம்பளையும் ஆண்ட்டி, எதிர்க் கட்டடத்துக் குழந்தைகளுக்கு நாங்கள் எல்லோருமே ஆண்ட்டி. இங்கிலீஷில் அதற்கு அவ்வளவுதான் கனம். எனக்குக் கோபமே வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

விரலை நீட்டினேன். நடுவிரலைத் தொட்டு, "மை சிஸ்டர்" என்றேன். சுண்டு விரலைத் தொட்டு, "பேபி. பேபி சே, மதர்" என்று நடுவிரலுக்குக் கொண்டுபோனேன். பிறகு கட்டை விரலைத் தொட்டேன். "மீ. மதர்ஸ் பிக் சிஸ்டர்."

அவள் என் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தா யீ?" என்றாள்.

"வாட்?"

"சைனா. மதர், பிக் சிஸ்டர். தா யீ. நாட் ஆண்ட்டி. தா யீ."

எங்களுக்குப் பெரியம்மா போல அவர்களுக்கும் ஒரு தனி வார்த்தை இருந்தது. அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, என் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஊரில் எனக்கு வராத அழுகை அப்போது வந்தது. ரூமில் இருந்த மற்றவர்கள் ஊரில் யாரோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்து, எங்களைத் தனியே விட்டுவிட்டு வெளியே போனார்கள்.

அந்த வாரத்திலிருந்து அவள் படிப்பதை நிறுத்திவிட்டாள். அகராதி தலையணைக்கு அடியில் கிடந்தது. தைக்கும்போது கை நின்று நின்று போயிற்று, அவள் சட்டைகளில் நான் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டி வந்தது. அவர்கள் கூட்டத்துக்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அவரிடம் போய் ஊருக்கு அனுப்பும்படி கேட்டிருக்கிறாள். ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. அவர் சத்தம் போட்டு அனுப்பிவிட்டார்.

ஒரு நாள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நேராக மேனேஜர் ரூமுக்குப் போனாள். மேனேஜர் வயதானவர், எல்லோரிடமும் உருதுவில் 'ஜல்தி, ஜல்தி' என்று விரட்டுகிறவர். அவர் மேஜைக்கு முன்னால் நின்று, தன்னிடம் இருந்த இங்கிலீஷ் முழுவதையும் கொட்டினாள்.

"மை சன் மிஸ் மீ. நௌ மிஸ். ஆஃப்டர், நோ மிஸ். ஐ கோ. நௌ."

என்ன சொல்கிறாள் என்று அவர் என்னைக் கேட்டார். "க்யா போல்த்தி ஹை?"

எனக்குத் தெரிந்த ஹிந்தியில் சொன்னேன். "இவளோட பையன் இப்ப இவளை நினைச்சிட்டு இருக்கான், சாப். இன்னும் ஒரு வருஷம் போனா மறந்துடுவான். 'பூல் ஜாயேகா, சாப்'. அதுக்குள்ள போகணும்னு கேக்கறா."

ஷிப்மெண்ட் இருக்கிறது, ஆள் இல்லை, ஒப்பந்தம் என்றெல்லாம் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மேரே தோ பூல் கயே" என்றார். என்னுடையவர்கள் மறந்தே போய்விட்டார்கள் என்று அர்த்தம். பிறகு எப்போதும் போல் கடுகடுப்பாக, "இந்த ஷிப்மெண்ட் போகட்டும். விசாவை கேன்சல் அடித்து அனுப்புகிறேன். கலாஸ், முடிந்தது. போய் வேலையைப் பாருங்கள்" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த மாதம் அவளுக்கு டிக்கெட் வந்தது.

புறப்படுகிற காலையில் வேன் வாசலில் நின்றது. பையனுக்கென்று இன்னும் இரண்டு சைஸில் ஷூ வாங்கி வைத்திருந்தாள், எது பொருந்துமோ என்று. நான் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஆக்கா, யூ கோ ஹோம்" என்றாள்.

"நெக்ஸ்ட் இயர்" என்றேன்.

"நோ. நௌ."

நான் சிரித்தேன். வேறென்ன செய்வது? எனக்குப் போக வேண்டிய இடம் இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல, அவளிடமும் வார்த்தை இல்லை, என்னிடமும் இல்லை. டிரைவர் "யல்லா, யல்லா" என்று ஹாரன் அடித்தார். அவள் ஏறினாள்.

அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அவள் மகனும் பாட்டியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டிருக்கலாம். அவனும் அவளுக்கு வேறு பெயர் வைத்திருக்கலாம். ஆனால் அவள் அங்கேயே இருந்திருப்பாள், அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டு, அவன் திரும்பிப் பார்க்கிற வரைக்கும். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

நான் தொண்ணூறுகள் முடிகிற வரைக்கும் அங்கே இருந்தேன். வெள்ளிக்கிழமைப் போனை நிறுத்தவில்லை. "பெரியம்மா, நல்லாருக்கீங்களா?" என்று மகள் கேட்பாள், நல்லா இருக்கேன் கண்ணு என்பேன். கம்பெனியை மூடினதும் திருப்பூருக்கே வந்து, தங்கை வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு பிடித்து, மறுபடியும் செக்கிங் மேஜைக்குப் போனேன்.

சின்ன வயதில் நடந்ததெல்லாம் மகளுக்கு மறந்துபோயிருந்தது. அவள் பெரியவளானபோது தங்கை அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். வெளியாட்கள் சொல்லிக் காதில் விழுவதற்குள் நாமே சொல்வது நல்லது என்று. எனக்கு அது தெரியாது. ஒரு நாள் சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது அவள் என் வீட்டு வாசலில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். உள்ளே வந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சொன்னாங்க" என்றாள்.

நான் சொம்பைக் கீழே வைத்தேன்.

"இனி நான் உங்கள என்னன்னு கூப்புடறதுங்க?"

அந்தக் கேள்விக்கு நான் பல வருஷம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டேன். பாவம், பயந்துபோயிருந்தாள். நான் ஏதாவது கேட்டுவிடுவேனோ, கேட்டால் கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற பயம்.

"எப்பவும் கூப்புடற மாதிரியே கூப்புடு கண்ணு."

அவள் தோள் இறங்கியது. "சரிங் பெரியம்மா" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. தெருவில் தங்கை அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வருவது கேட்டது. "இங்கதாம்மா இருக்கறேன்" என்று குரல் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.